பதினாறு கதிர் கெண்டை

எண்ணத் தெரியாமலேயே எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தவள் நான். நெசவாளர் வீட்டில் பிறந்ததுதான் அதற்குக் காரணம் என்றால் நம்ப மாட்டீர்கள்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்காக மாகறல் பக்கம் ஒரு குட்டையில் விரல் நீள மீன் ஒன்றைப் பிடித்தேன். “கெண்டைதானே இது?” என்றார் அம்மா. (அம்மாவுக்கு விலங்கியல் தெரியாது. குழம்பு மட்டும்தான் தெரியும்.) கெண்டையின் முதுகுத் துடுப்பில் மெல்லிய கதிர்கள் எட்டு என்றது புத்தகம். அப்பா இழை எண்ணும் லென்ஸை வைத்து எண்ணினேன். பதினாறு.

அப்பாவும் எண்ணினார். புடவையில் இழைகளை ஓரத்தில்தான் எண்ணுவோம், அங்கேதான் பிரிந்து நிற்கும். அதே மாதிரி துடுப்பின் நுனியைப் பிரித்து எண்ணிவிட்டு, “பதினாறுதாம்மா” என்றார்.

புது இனம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பெயரும் வைத்தாயிற்று. அப்பா பெயர் ஏகாம்பரம். அதில் லத்தீன் வால் ஒட்டி ‘ஏகாம்பரமி’.

“அந்த ‘மி’ எதுக்கும்மா?”

“மரியாதைக்குப்பா.”

மனிதர் உருகிப் போனார். எனக்கு நிச்சயமாகியிருந்த நேரம். கல்யாணப் புடவையின் பார்டரில் போட இருந்த மயிலை எடுத்துவிட்டு மீனைப் போட்டார், ஒவ்வொரு மீனுக்கும் பதினாறு கதிர் ஜரிகையில். செவிலிமேட்டுச் சம்பந்தி வீட்டுக்கே போய், “எம்பேர்ல ஒரு மீன் வருது” என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

மீனின் துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தோம். முடிவு வந்ததும் கைடு மேடம் கூப்பிட்டார்.

“மரபணு சாதாரணக் கெண்டையோட அப்படியே பொருந்துதும்மா.”

“மெஷின் தப்பா இருக்கும் மேடம். நாங்க நெசவுக் குடும்பம், எண்ணிக்கை தப்பாது.” (இதை நான் சத்தமாகவே சொன்னேன். லேபில் ஆறு பேர் இருந்தார்கள்.)

மேடம் கோபப்படவில்லை. மீனை மைக்ராஸ்கோப்பில் வைத்து, “இப்ப அடியில எண்ணு” என்றார். எட்டு. ஒவ்வொரு கதிரும் அடியில் ஒன்றாகக் கிளம்பி, நுனிக்குப் போகும்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. பட்டு இழை இந்த முனையில் ஒன்று என்றால் அந்த முனையிலும் ஒன்றுதான். மீன் அப்படி நெய்யப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா தறியில் இருந்தார். புடவை பாதி முடிந்திருந்தது. சொன்னேன். என் மார்க்கைப் பற்றிக் கவலை இல்லை, அவர் பெயர் போய்விட்டதே என்றுதான் அழுதேன். அவர் லென்ஸை எடுத்து, நான் கையோடு கொண்டுவந்திருந்த மீனை வாங்கி, அடியில் எண்ணினார். இரண்டு தடவை.

“எட்டுதான்” என்றார். “நடுவுல ரெண்டா பிரியற இழை என் தறியில வந்திருந்தா, நூல் கெட்டுப்போச்சுன்னு அத்துப் போட்டிருப்பேன்.”

“இப்ப என்னப்பா பண்றது?”

“பாதி வந்துடுச்சு. மீதியில எட்டு போட்டா பார்க்கறவங்க சிரிப்பாங்க. பதினாறாவே இருக்கட்டும்.”

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். உலகத்தில் எந்தக் குட்டையிலும் இல்லாத மீன்கள் என் கால்வரை நீந்தின.

இன்றைக்கும் என் கணவர் மீன் கடைக்குக் கிளம்பினால், “ஏகாம்பரமி அரை கிலோ வாங்கிக்கினு வரவா?” என்றுதான் கேட்பார். அப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், குழம்பில் கிடக்கும் கெண்டையின் துடுப்பைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து அடியில் எண்ணுகிறார். ஒருநாளாவது ஒன்பது வராதா என்று.