பொட்டு அண்ணன் வைத்த பொட்டுகள்

எண்பதுகளில் மலேசியாவின் கோலா சிலாங்கூரில் ஓடிய கார்களில் பாதி, பொட்டு அண்ணன் தயவால்தான் இரண்டாகப் பிரியாமல் ஓடின. மீதிப் பாதி அவர் கண்ணில் படாமல் தப்பியவை.

காரின் தகடுகள் சேரும் இடங்களில் தொழிற்சாலையில் இடைவெளி விட்டுத்தான் பற்றவைத்திருப்பார்கள். அந்த இடைவெளி அண்ணனுக்கு ஆகாது. நடுநடுவே வெல்டிங் பொட்டு வைத்து நிரப்புவார். பெயர் அப்படி வந்ததுதான்.

எந்தக் காரைக் கண்டாலும் ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கி, கதவைச் சாத்திப் பார்ப்பார். சாத்த முடியவில்லை என்றால் கூடு தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பு. ஒருமுறை கோயில் வாசலில் கல்யாணக் காரையே தூக்கிவிட்டார், மாப்பிள்ளை உள்ளே இருக்கும்போதே.

"மாப்ள, கதவ சாத்துங்க பாப்போம்."

சாத்த முடியவில்லை.

"இதுலயா பொண்ண ஏத்திட்டுப் போவப் போறீங்க?"

மிரண்டுபோன பெண்வீட்டார் மணமக்களைத் தோட்டத்து லோரியில் அனுப்பிவைத்தார்கள்.

நான் அப்போது பக்கத்துத் தோட்டத்தில் இளம் கிராணி; கணக்கு எழுதும் வேலை. என் பழைய காரைப் பத்து தீகா கார்ப் பந்தயத் திடலில் ஓட்டிப் பார்க்கும் ஆசையில் அண்ணன் பட்டறையில் விட்டேன். ஒரு மாதம் கழித்துப் போனால் கார் வெறும் எலும்புக்கூடாக நின்றது.

"சீட்டு எங்கண்ணே?"

"அதுல கோழி அடைகாக்குது தம்பி. இன்னும் ஒரு வாரம் பொறுங்க."

பந்தயத்தன்று கைலியும் கிழிந்த பனியனுமாக என்னோடு வந்தார். கோலாலம்பூர்க்காரர் ஒருவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், நான் உட்கார்ந்திருந்த காரின் கதவைத் திறந்து வரிசையாக இருந்த பொட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"அருமையான வேல லா! யாரு செஞ்சா?"

"சிங்கப்பூர்ல, ஒரு வெள்ளக்காரன்," என்றேன். பனியனைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இவரு?"

"தோட்டத்து ஆளு. சாமான் தூக்க வந்தாரு."

அண்ணன் இரண்டடி தள்ளித்தான் நின்றார். குனிந்து என் இருக்கை வாரை இன்னொரு முறை இறுக்கினார்.

மூன்றாவது வளைவில் கார் இரண்டு தடவை புரண்டு நிமிர்ந்தது. முன்பக்கம் அப்பளம். ஆனால் நான் இருந்த கூடு நசுங்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் ஓடிவந்தவர் அண்ணன். கதவு ஒரே இழுப்பில் திறந்தது. என்னைத் தூக்கி வெளியே நிறுத்தி, கையையும் காலையும் தடவிப் பார்த்தார்.

கறுப்புக் கண்ணாடிக்காரரும் வந்து சேர்ந்தார். "சிங்கப்பூர் வேலன்னா சிங்கப்பூர் வேலதான்!"

"ஆமாங்க," என்றார் அண்ணன். "அந்த வெள்ளக்காரன் கெட்டிக்காரன்."

கிண்டலே இல்லாமல் சொன்னார். ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் கழித்தும் அதை எழுதும்போது காது சுடுகிறது.

இரண்டு வாரம் அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போனேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது..."

"கார் எங்க தம்பி? கொண்டாங்க. வேற எவன் கையிலயும் குடுத்துராதீங்க."

"இல்லண்ணே, நான்..."

வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டு பொறி பறக்கவிட்டார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை ஆரம்பித்தேன். அந்த மன்னிப்பைக் கேட்டு முடிக்க, கடைசிவரை அந்த மனிதர் என்னை விடவேயில்லை.