தானாகவே கண்டுபிடிக்கும்

"இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள வைஃபை கார்டுக்கு டிரைவர் தேவை" என்று திரை மூன்றாவது தடவையாகச் சொன்னது. கார்டின் பெயரையும் சொன்னது. அப்படியொரு பெயரை நம்மாள் ஜென்மத்தில் கேள்விப்பட்டதில்லை.

"பொய் சொல்லுது," என்றான்.

"மெஷின் எதுக்குங்க பொய் சொல்லப் போகுது?" என்றாள் மனைவி.

சாயங்காலம் அவளுக்கு ஆன்லைனில் கணக்கு வகுப்பு. புது வேலை, முதல் வகுப்பு. இன்றைக்குச் சொதப்பினால் வேலை அம்பேல். கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறதே என்று அவள் மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள். வந்த மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பியது நம்மாள்தான்.

"விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடறதெல்லாம் ஒரு வேலையா? உள்ள என்னென்ன இருக்குன்னு அதுவே தானா கண்டுபிடிக்கும், அததுக்கு வேண்டிய டிரைவரை அதுவே போட்டுக்கும். நாம காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா போதும்."

அவளுடைய பாடங்களை நேற்றே நகலெடுத்து, வயர்களைக் கழற்றி, பெட்டியைத் தூசி தட்டினான். இன்று வயர்களைத் திரும்பச் செருகினான். அதற்கே பெரும்பாடு. பக்கத்து வீட்டு வக்கீல் பெயிண்ட் அடிக்கிறார் என்று அவர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் முழுக்க இவர்கள் கூடத்தில். மாமியார் வேறு காலையிலிருந்தே தரையைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தார். நம்மாள் வழுக்கிக்கொண்டுதான் மேஜைக்கு வந்து சேர்ந்தான்.

தான் வாங்கிய கார்டுக்கு உரிய டிரைவரைத் தேடி எடுத்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

"இது இங்குள்ள எதற்கும் பொருந்தாது" என்றது திரை.

"யாருகிட்ட!" என்று வலுக்கட்டாயமாக ஏற்றினான். மவுஸ் செத்தது. முதலிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் தானே பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். திரை தலைகீழானது. கழுத்தைத் திருப்பிப் படித்ததில் சுளுக்கிக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தான்.

"இரண்டு ஹார்டு டிஸ்க் உள்ளன."

"பாரு! நாம வாங்கினது ஒண்ணுதானே? ரெண்டுங்குது. கண்ணு அவிஞ்சு போச்சு இதுக்கு!"

"ஒண்ணு கூடுதலா இருந்தா நல்லதுதானே மாப்பிள்ளை," என்றார் மாமியார், துடைப்பத்தை நிறுத்தாமல்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "வகுப்புக்கு நேரமாச்சுங்க. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும். அது என்ன டிரைவர் கேக்குதோ, அதையே குடுத்துத் தொலைங்களேன்!"

வேண்டாவெறுப்பாகக் கொடுத்தான். கண் மூடித் திறப்பதற்குள் வைஃபை, ஸ்பீக்கர், கேமரா என்று சகலமும் வேலை செய்தன.

"டிஸ்க்குகளில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். மீட்க முடியாது. சம்மதமா?"

"ரெண்டையும் அழி!" என்று ஒரே தட்டு.

வகுப்பு அமர்க்களமாக நடந்தது. முடித்துவிட்டு அவள் பூரித்துப்போய் எழுந்து வந்தாள். "என்னமா பறக்குதுங்க! நம்ம கம்ப்யூட்டர் மாதிரியே இல்லை!"

நம்மாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். சுளுக்கிய கழுத்தில் பட்டு வலித்தது. அதைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை.

அழைப்பு மணி அடித்தது. வக்கீல்.

"பெயிண்ட் காஞ்சிருச்சு சார். மத்ததெல்லாம் மெதுவா எடுத்துக்கறேன், கம்ப்யூட்டரை மட்டும் இப்பவே குடுத்துடுங்க. இருபது வருஷக் கேஸும் அதுலதான் இருக்கு. நாளைக்கு வாதாடணும்."

"தாராளமா எடுத்துக்குங்க சார். வச்ச இடத்துல வச்ச மாதிரியே இருக்கும். நாங்க தொடக்கூட இல்லை," என்று நம்மாள் பீரோவுக்குப் பின்னால் குனிந்து, மேஜை மேலிருந்ததைப் போலவே ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்து நீட்டினான்.

"அட, அது நம்மளோடது மாப்பிள்ளை," என்றார் மாமியார். "அடுத்தவங்க பொருள் ஈரத்துல கிடக்க வேணாமேன்னு, காலையில நான்தான் நம்மளோடதை அங்க இறக்கிட்டு, அவரோடதை எடுத்து மேஜை மேல பத்திரமா வச்சேன்!"