பாறை மாஸ்டரும் நீர்யானைக் குட்டியும்

ஜிம்மின் சாமான் அறையில், பழைய டம்பெல்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, பாறை மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு படப்புத்தகம்.

‘பாறை’ என்பது ஜிம்மில் பயிற்சிக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். உடம்பைப் பார்த்து வைத்தார்கள், முகத்துக்கும் பொருந்திவிட்டது. கல்யாண ஆல்பத்தில்கூட பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கிறவர் மாதிரி நின்ற மனிதர். அப்பேர்ப்பட்டவரை ஒரு நீர்யானைக் குட்டி சாய்த்துவிட்டது.

மகன் படிக்கும் பள்ளியில் வாரம் ஒரு அப்பா வந்து கதை வாசிக்க வேண்டும். பையன்களும் மனசில் இருப்பதைச் சொல்லலாம், அழுகை வந்தால் அழலாம் என்று சொல்லிக்கொடுக்கிற கதைகள். நாளைக்கு மாஸ்டரின் முறை. வகுப்பு அலமாரியிலிருந்து மகன்தான் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தான்.

வெள்ளத்தில் அம்மாவைத் தொலைத்த ஒரு குட்டி. “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்று பெரிய நீர்யானைகள் அதட்ட, அது அழுகையை விழுங்கி விழுங்கி வயிறு பந்தாக உப்பிப்போகிறது. கடைசியில் ஆற்றங்கரையில் நின்று வாயைப் பிளந்து ‘ஓ’வென்று அழுகிறது. புரட்டினால், குட்டி தூங்குகிறது. கதை முடிந்தது.

அந்த ‘ஓ’வைத் தாண்டத்தான் மாஸ்டரால் முடியவில்லை.

மனைவிக்குப் போன் போட்டார். “எனக்குப் பதிலா உன் தம்பிய அனுப்பலாமா?”

“ஏன், உங்களுக்கு என்ன?”

“வாசிச்சா அழுகை வருது.”

“வந்தா அழுங்க. புத்தகமே அதுக்குத்தானே.”

“புத்தகம் பசங்களுக்கு. நான் அப்பா. கிளாஸ்ல அவனைக் கேலி பண்ணுவாங்க.”

“யாரு பண்ணுவாங்க?”

“பண்ணுவாங்க” என்று வைத்துவிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே தினமும் பயிற்சிக்கு வரும் லாரி டிரைவர். “மாஸ்டர், கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?”

“ஜலதோஷம்.”

அந்த ஒற்றைப் பொய்க்குக் கால் முளைத்தது. மாஸ்டர் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள், அவர் மனசொடிந்து ஜிம்மை மூடப்போகிறார் என்று ஆகிவிட்டது. எடை தூக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் கம்பியை வைத்துவிட்டு வந்தார்.

“நாங்க வேற ஜிம் பாத்துக்கணுமா மாஸ்டர்? எதுவானாலும் நேரா சொல்லிடுங்க.”

வேறு வழியில்லாமல் மாஸ்டர் புத்தகத்தை வெளியே எடுத்தார். விஷயத்தைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தப்பிக்கக்கூடிய இடமா அது?

“இதுவும் பாரம் தூக்குற மாதிரிதான் மாஸ்டர்,” என்றார் லாரி டிரைவர். “எங்க முன்னாடி நாலு தடவை வாசிங்க. பழகிடும்.”

மாஸ்டர் நிமிர்ந்து நின்று, தண்டால் எடுக்க வைக்கிற குரலில் ஆரம்பித்தார். “குட்டி வந்தது! அம்மா இல்லை! அழுகையை விழுங்கியது! இன்னொன்று விழுங்கியது!”

‘ஓ’ வந்தபோது லாரி டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஓடுபொறியில் ஓடிக்கொண்டிருந்தவர் ஓடியபடியே தோள் துண்டில் முகத்தைப் புதைத்தார். போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

“அம்மா வரவே இல்லையா?”

“இல்ல. அழுது களைச்சுத் தூங்கிடுது.”

“எவன்யா இதைப் பிள்ளைங்களுக்கு எழுதினவன்?” என்ற போலீஸ்காரரின் குரல் உடைந்தது. அப்புறம் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். “இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. நான் எத்தனையோ இடத்துல இதை வச்சுத்தான் தப்பிச்சிருக்கேன்.”

மறுநாள் வகுப்பில், அரைப் பிருஷ்டம் மட்டும் கொள்ளும் குட்டி நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியுடன் உட்கார்ந்தார் மாஸ்டர். கண்ணீர் தெரியாது, சரி. எழுத்தும் தெரியவில்லை.

“ஆற்றில் ஒரு பெரிய... இலை வந்தது.”

“அலை, அங்கிள்” என்று நாலைந்து பேர் திருத்தினார்கள்.

“குட்டி ஒரு... அழகியை விழுங்கியது.”

“அழுகை, அங்கிள்!”

வேறு வழியில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அத்தோடு அணை உடைந்தது. குட்டி ‘ஓ’வென்று அழும் இடத்தில் அவர் தனியாக வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ‘ஓ’ தானாக வந்தது, அதுவும் ஜன்னல் அதிர. டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார்.

மாஸ்டர் பயந்தபடி மகனைத் தேடினார். அவன் எழுந்து வந்து, அப்பாவின் முழங்காலில் ஏறி உட்கார்ந்து, தன் கைக்குட்டையை நீட்டினான்.

“மெதுவா அழுப்பா. ஒண்ணும் அவசரமில்ல.”

ஒருத்தரும் கேலி செய்யவில்லை. மாஸ்டருக்கு நெஞ்சிலிருந்து நூறு கிலோ பாரத்தை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. மூக்கைச் சிந்தினார், புரட்டினார், “குட்டி நிம்மதியாகத் தூங்கியது” என்று முடித்தார்.

பிள்ளைகள் கைதட்டாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்து பல் விழுந்த ஒரு சிறுமி வந்து, புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, நகத்தை விட்டுத் தாளைப் பிரித்தாள்.

“அங்கிள், ஜூஸ் கொட்டி இங்க ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. அது ஓன்னு அழுத சத்தத்தைக் கேட்டுத்தான் அவங்கம்மா நீந்தி வந்துடுவாங்களே.”