காற்று நின்றபின் வாங்கலாம்

மைலேஜ்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இவர் கார் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார். உங்களிடம் இருந்தால் போதும். கல்யாணப் பந்தலில், ஆலய வாசலில், துட்டி வீட்டில் சவப்பெட்டியை எடுப்பதற்கு முன்பாகக்கூட, உங்கள் தோளருகே வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, குழந்தையின் காய்ச்சலை விசாரிப்பவர்போல, "லிட்டருக்கு எவ்வளவு கிட்டுது?" என்று கேட்பார். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அவருக்கு வருத்தம்தான். பதினேழு என்றால் உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை. இருபத்திரண்டு என்றால் பொய் சொல்கிறீர்கள். கணக்குப் பார்த்ததில்லை என்றாலோ, உங்களை நம்பி ஒரு குடும்பம் இருப்பதை எண்ணி அவர் கண் கலங்கும்.

இவருடைய சடங்குகளைப் பெட்ரோல் பங்கில் நின்று பார்க்க வேண்டும். டாங்க் நிறைந்து குழாய் தானே நின்றுவிட்டால் நீங்களும் நானும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். இவர் கிளம்ப மாட்டார். டாங்குக்குள் காற்று ஒளிந்திருக்கிறது என்பார். வண்டியை இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவருமாகப் பிடித்துத் தொட்டில்போல ஆட்டி, குமிழியெல்லாம் வெளியேறியபின் மறுபடி ஊற்றி, மறுபடி ஆட்டி, டீசல் வாய்விளிம்பில் வந்து மினுங்கும்வரை விடமாட்டார். பிறகு பயணம். கண்ணாடியைத் திறந்தால் காற்று இழுக்கும், ஏசியைப் போட்டால் எஞ்சின் இழுக்கும். ஆகவே இரண்டும் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் வெந்து, பின்னால் வரும் லாரிகள் ஒலியெழுப்பி ஓய்ந்து, வண்டி அறுபதுக்கு மேல் போகாமல் ஊர்ந்து திரும்பி வந்து, மறுபடி பங்கில் தொட்டிலாட்டி, கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து, புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கம் வரை எழுதி அடிக்கோடிடுவார். எதற்காகப் போனோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

வேடிக்கைதான். ஆனால் இந்த இனத்தாரின் வீட்டில், வண்டி வரட்டும் என்று பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் ஓர் ஆள் எப்போதும் இருப்பார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் நான்காவது வீடு சிலுவைதாசனுடையது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் இருபத்தாறு ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். டீசல் எஞ்சினின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். சொந்த வாகனம் ஒரு ஸ்கூட்டர். அவர் மனைவி ராகேல் அரசுப் பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டு கணக்கு டீச்சராக இருந்து, 2012 ஜூனில் தலைமையாசிரியை ஆனார். கிடைத்த பள்ளி மூன்றடைப்பிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு அறுபத்தொரு கிலோமீட்டர். போக வர நூற்றிருபத்திரண்டு. ஓய்வுக்கு இருந்தது நான்கு ஆண்டு.

காலை ஐந்து ஐம்பதுக்கு வடசேரி பஸ் நிலையத்தில் பஸ். திருநெல்வேலிக்கு நேராகப் போகும் பஸ் மூன்றடைப்பில் நிற்காது. நிற்கும் பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது. வள்ளியூரில் யாராவது இறங்கினால் உண்டு. மூன்றடைப்பில் இறங்கி மினி பஸ்ஸுக்கு இன்னொரு அரை மணி நேரம். வீடு திரும்ப இரவு ஏழரை. சின்னதாக ஒரு கார் போதும், சாயங்காலம் வெளிச்சத்தோடு வீடு வந்தால் போதும் என்றுதான் ராகேல் டீச்சர் கேட்டார். பணமும் அவருடையதுதான், பி.எஃப். முன்பணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வண்டியைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் எஞ்சின் தெரிந்த கணவரிடம் விட்டார்.

"நாலுவழிச் சாலையில இவ்வளவு ஓட்டம்னா டீசலேதான்" என்று சிலுவைதாசன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆனா எந்த டீசல்?"

அந்த 'எந்த'வில் பதினான்கு மாதம் போயிற்று.

ஜப்பான் கம்பெனி வண்டிக்கு எடை குறைவு. மைலேஜ் கூடும், ஆனால் வழியில் முப்பந்தல் காற்றில் ஒதுங்கும். கொரியா கம்பெனி வண்டிக்கு அழகு கூடுதல். அழகுக்கு யாராவது டீசல் ஊற்றுவார்களா? உள்நாட்டு வண்டி கனம். கனம் நல்லது, ஆனால் கனத்தை இழுப்பதும் நம் டீசல்தானே. இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு 'ஆனால்' இருந்தது. ஷோரூமிலிருந்து லிஜோ என்ற விற்பனையாளர் விளம்பரத் தாள்களோடு நாற்பத்தொரு முறை அந்த வீட்டுக்கு வந்தார். இருபத்து மூன்றாம் முறை கொண்டுவந்தது அவருடைய கல்யாணப் பத்திரிகை. சிலுவைதாசன் கல்யாணத்துக்குப் போனார். மேடையேறி மணமக்களை வாழ்த்தி, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, அந்தக் கையை விடாமலே, புது மாடலில் டாங்க் பெரிதாகியிருக்கிறதா என்று கேட்டார். வீடியோவில் அது பதிவாகியிருக்கிறது.

கம்பெனி சொல்லும் மைலேஜை இந்த இனத்தார் நம்புவதில்லை. தானே அளக்க வேண்டும். கோட்டாறில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீபாவிடம், லிஜோ காட்டியவற்றில் ஒன்றைப் போன்ற டீசல் கார் இருந்தது. 2012 ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த மனிதரைப் பிடித்து, நாகர்கோவிலில் டாங்கைத் தொட்டிலாட்டி நிரப்பி, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய், அங்கே ஒரு பங்கில் மறுபடி தொட்டிலாட்டினார்கள். லிட்டருக்கு இருபத்தாறு புள்ளி மூன்று. சிலுவைதாசன் ஹனீபாவைக் கட்டிப்பிடித்தார். அதே சாலையில் திரும்பி வந்து அளந்தார்கள். பதினாறு புள்ளி எட்டு.

முதலில் காவல்கிணறு பங்கைச் சந்தேகித்தார். பிறகு நாகர்கோவில் பங்கை. பிறகு ஹனீபாவின் வலது காலை.

"சாரே, போவும்போ காத்து முதுகுல நின்னு தள்ளிச்சு. வரும்போ நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுது" என்றார் ஹனீபா. "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ண எழுதிக்கிடுங்க. வண்டி நல்ல வண்டி."

"காத்த உள்ள விட்டு ஒரு கணக்கு போடப்பிடாது ஹனீபா. காத்து நிக்கட்டும். நின்னப்பொறவு அளப்போம்."

"அப்பம் காத்துக்க ஆபீசுல ஒரு மனு குடுத்திருவோம்."

முப்பந்தலில் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகளை எதற்காக நட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மாணவர்களை வருடந்தோறும் அழைத்துப்போய் அவரே விளக்கியிருக்கிறார். ஆனாலும் காத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரில் ஆரல்வாய்மொழி வரை போய், இறக்கைகள் சுற்றுகின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தார். சுற்றின. அதற்குத்தானே சம்பளம்.

ஐப்பசியில் காற்று தணிந்தது. மழை வந்தது. நனைந்த சாலையில் டயர் கூடுதலாக உழைக்குமாம். அந்த மைலேஜ் செல்லாது. டிசம்பரில் வாங்கினால் ஒரு மாதத்தில் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடுமாம், ஜனவரி வரட்டும். ஜனவரி வந்தது. கூடவே, டீசல் விலையை மாதம் ஐம்பது பைசா வீதம் ஏற்றுவார்கள் என்ற செய்தியும் வந்தது. ஊரெல்லாம் சலித்துக்கொண்ட அந்த நாளில், மகனுக்கு வேலை கிடைத்தவர்போல முகம் மலர்ந்திருந்த ஒரே ஆள் சிலுவைதாசன். இனி மாதா மாதம் கணக்கு மாறும் அல்லவா? பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், வருடம் இருபத்தாறாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டத்தில், எந்த மாதம் எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும்? அதற்கு ஓர் அட்டவணை. அடுத்த மாதம் அதை அடித்துவிட்டு வேறோர் அட்டவணை. தேதி நழுவி நழுவிப் போய்க்கொண்டே இருந்தது.

அட்டவணையில் ஏறாத சில தகவல்களும் அந்த மாதங்களில் உண்டு. பிப்ரவரி 12 அன்று ராகேல் டீச்சர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிப்போய், மூன்றடைப்பைத் தவறவிட்டுத் திருநெல்வேலியில் இறங்கினார். பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. கல்வி அலுவலர் பார்வையிட வந்து, தலைமையாசிரியையின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மே விடுமுறையில் டீச்சர் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தார். ஜூலையில் கால் வீங்கி, நரம்புகள் கயிறுபோல முறுக்கிப் புடைத்து, நெய்யூரில் டாக்டரிடம் காட்டியபோது, நின்றுகொண்டே போகும் இந்தப் பயணத்தை நிறுத்தாவிட்டால் கால் புண்ணாகிவிடும் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. அட்டவணையில் ஒரு பெருக்கலைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். ராகேல் டீச்சர் உள்ளேயிருந்து வந்து மேசைமேல் ஒரு தாளை வைத்தார். விருப்ப ஓய்வு விண்ணப்பம். மூன்று மாத முன்னறிவிப்போடு பணியிலிருந்து விடுவிக்கும்படி எழுதி, தேதி மட்டும் போடாமல் விட்டிருந்தது.

சிலுவைதாசன் அதை முழுவதும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் உடைந்துபோனார் என்று நினைத்து நான் எழுந்து போகலாமா என்று யோசித்தேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"அப்பம் நவம்பரோட ஓட்டம் நிண்ணுரும்" என்றார். "ஓட்டம் இல்லேன்னா டீசல் நட்டம் ஏட்டி. பெட்ரோலே போதும். நல்ல வேள, அவசரப்பட்டு வாங்கிப் போடல்ல."



"இருவத்தொம்பது வருசம் காத்திருந்து கிட்டின எச்.எம். கசேர அது" என்றார் ராகேல் டீச்சர். குரல் உயரவில்லை. "அத விட்டுட்டு வாறேன்னு எழுதியிருக்கேன். உங்களுக்கு அதுல ஓட்டந்தான் தெரியுது, இல்லியா?"

"நான் அப்படிச் சொல்லல்ல. புது அட்டவணை ஒண்ணு..."

டீச்சர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பெருக்கலைச் சரிபார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ராகேல் டீச்சர் அரைநாள் விடுப்பு எடுத்து நேராக ஷோரூமுக்குப் போனார். அங்கே நடந்ததை லிஜோவே பின்னால் என்னிடம் சொன்னார். டீச்சர் உட்காரக்கூட இல்லையாம்.

"மக்கா, மூணு காரியம் சொல்லு. காலத்தே சாவியப் போட்டா ஒடனே கிளம்புமா? எனக்க காலு பிரேக்குக்கு எட்டுமா? எப்பம் கையில கிட்டும்?"

மூன்றுக்கும் லிஜோ பதில் சொன்னார். ஆனால் நாற்பத்தொரு முறை அந்த வீட்டுக்குப் போய்வந்த நாக்கு சும்மா இருக்குமா? "டீச்சர், பின்னே மைலேஜ், கம்பெனி சொல்லுகது வந்து..." என்று தொடங்கியிருக்கிறார்.

"அத நான் கேக்கல்லியே."

 லிஜோ வண்டிப் பதிவுப் படிவத்தை எடுத்து நீட்டினாராம்.

பதினோராம் நாள் வண்டி வந்தது. டீச்சர் இப்போது ஏழே முக்காலுக்குக் கிளம்பி, ஒன்பதுக்குள் பள்ளிக்குப் போய்விடுகிறார். மாலை ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, எங்கள் தெருவுக்குள் கார் திரும்புகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை அவர் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், விடுப்பில் போன ஆசிரியர்களுக்குப் பதிலாக யார் எந்த வகுப்புக்குப் போவது என்று அதில் எழுதிப் பள்ளிப் பலகையில் ஒட்டினார்.

டீசல், பெட்ரோல் எதுவானாலும் போகும் வழியிலேயே நிரப்பிக்கொள்கிறார். ரசீதை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கணவர் மாலையில் கார்க் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்து ஓடிய தூரத்தை எழுதிக்கொள்கிறார். தூரம் இருக்கிறது, லிட்டர் இல்லை. எதை எதால் வகுப்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய வாசலில் யாராவது அவர் தோளருகே வந்து குரலைத் தாழ்த்தினால், பாடற்குழுவுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருப்பதுபோல உள்ளே போய்விடுகிறார். அவர் பாடற்குழுவில் இல்லை.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் படித்திருப்பீர்கள். படிக்கலாம், பாவம், சிலுவைதாசனும் நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராகேல் டீச்சர் வாங்கிய வண்டி எந்தக் கம்பெனி, டீசலா பெட்ரோலா என்பதை நான் எங்கும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. அவருக்குக் கால் வீக்கம் வடிந்தது என்ற இடத்தில் மனம் நிறைந்து மேலே போனவர்கள் தாராளமாகப் போகலாம். இரண்டு பத்தி திரும்பிப்போய், அந்த விவரம் எங்கேயாவது கண்ணுக்குத் தப்பிவிட்டதா என்று தேடியவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் ஐந்து ஐம்பது பஸ்ஸுக்குப் போகிறவர் யார்?