பலகை சார் எழுதிக் கொடுத்த பெயர்

உடையார்பாளையம் வட்டாரத்தில் தும்முவதற்குக்கூடத் திட்டம் போட்டு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பலகை சார்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு முந்திரி ஷெட்டில் நான் கிளார்க்; அவர் மேனேஜர். நிர்வாகப் படிப்பைத் தபால் வழியில் படித்தவர். வந்த முதல் நாளே ஒரு கரும்பலகையை மாட்டி, எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று எழுதிவிட்டார். அன்றே அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது.

டீ போடுவதற்கு அஞ்சலை பொறுப்பு. ஒருநாள் அஞ்சலை லீவு.

"நான் போடறேன் சார்" என்றாள் ஒருத்தி.

"இரும்மா. மொதல்ல பேர மாத்தணும்."

மாற்றுவதற்குச் சாக்பீஸ் இல்லை. சாக்பீஸ் வாங்கி வைக்கிற பொறுப்பும் அஞ்சலையுடையது. மத்தியானம் வரை ஷெட்டில் யாருக்கும் டீ இல்லை.

பெரம்பலூரில் தன் மகள் கல்யாணத்துக்கும் பட்டியல் போட்டு மண்டப வாசலில் ஒட்டினார். "தாலி கட்டுதல் - பொறுப்பு: மாப்பிள்ளை" என்பதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் அரண்டுபோனார்கள். பெண்ணை அனுப்பும்போது அழுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். அவரே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு திங்கட்கிழமை சிரிப்பு நின்றது. முதலாளி வந்தார். கொட்டை உடைக்கும் பெண்களில் கடைசி வரிசை ஆறு பேரைக் காட்டி, "இவங்க கை ரொம்ப மந்தம். வர்ற சனிக்கிழமையோட நிறுத்திடலாம். பேர எழுதிக் குடுங்க" என்றார். பலகை சார் தலையாட்டினார்.

செய்தி ஷெட்டுக்குள் பரவ அதிக நேரம் ஆகவில்லை. விக்கிரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற கடைசி வரிசைச் செல்லம்மா என் மேஜைக்கு வந்து நின்றாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். "அண்ணே, எம் பேரும் இருக்குதா? இந்த வேல போயிட்டா வூட்ல அடுப்பெரியாதுண்ணே" என்றாள்.

மறுநாள் பலகை சார் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் போட்டார். கையில் கடிகாரம், மடியில் நோட்டு. மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்தார். பெண்கள் பயத்தில் விரலில் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் செல்லம்மாவை எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்து அவரே கொட்டை உடைத்தார். தோட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்ளத் தெரியவில்லை. அந்த எண்ணெய் பட்டு நாலு விரல் வெந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை, துணி சுற்றிய கையோடு முதலாளியிடம் காகிதத்தை நீட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"என்னங்க இது? ஆறு பேரு கேட்டா ஒரு பேருதான் இருக்கு. அதுவும் உங்க பேரு!"

"தாமதத்துக்குப் பொறுப்பு நாந்தாங்க. அவங்கள அங்க உக்கார வச்சது நானு. வறுத்த கொட்டை கூடையில முன்வரிசைக்கெல்லாம் போயிட்டுத்தான் அவங்களுக்கு வருது. பாதி நேரம் கூடைக்காகக் காத்துக்கிட்டு கெடக்காங்க. கொட்டை கையில இருக்கறப்ப செல்லம்மா மாதிரி ஒடைக்க இந்த ஷெட்ல ஆளில்ல. வேலை அடைபட்ட எடம் நான் போட்ட வரிசைதாங்க."

"நீங்க போயிட்டா ஷெட்ட யாரு பாக்கறது?"

"அதுக்கும் ஆள் வச்சிருக்கேன்" என்று என்னைக் காட்டினார்.

முதலாளி காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒரு வாரம் தரேன். மாத்திக் காட்டுங்க" என்றார்.

வரிசைகளைக் கலைத்து, பெண்களை எதிரெதிராக உட்கார வைத்து, நடுவில் கூடைக்கு வழி விட்டார் பலகை சார். வாரக் கடைசியில் அந்த ஆறு பேரும் முன்வரிசைக்காரர்களுக்குச் சமமாக உடைத்திருந்தார்கள். யாரையும் நிறுத்தவில்லை. அவரையும்தான்.

நாலைந்து வருடம் கழித்து அவர் ஓய்வுபெற்று அரியலூருக்குக் கிளம்பினார். வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், அந்த ஆறு பேரும் அங்கே நிற்கிறார்கள்.

"வேலை நேரத்துல இங்க என்ன பண்றீங்க? யாரு அனுமதி குடுத்தா?" என்று சத்தம் போட்டார்.

"நாங்களே குடுத்துக்கிட்டோம் சார்" என்றாள் செல்லம்மா.

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். பஸ் கிளம்பி, வளைவில் திரும்பி மறைந்தது. ஷெட்டுக்குத் திரும்ப எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் அவசரமில்லை.