ஃபீபிள்

“ரொம்ப ஃபீபிள். இந்த ஓணத்துக்கு வேண்டாம், மாத்திடலாம்.”

கரமனைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், கயிறு இழுக்கும் போட்டியைப் பற்றிப் பேசும்போது, செயலாளர் ஸ்ரீகண்டன் இப்படிச் சொன்னார். அவர் பார்வை நேராக அழகியநம்பியின் பக்கம் விழுந்தது.

அழகியநம்பி ஆரியசாலைக் கடைகளுக்குக் கணக்கெழுதுகிறவர். வயது அறுபதை நெருங்குகிறது; ஆனாலும் கயிறு இழுக்கும் அணியில் அவரும் உண்டு. போன வருஷம் தான் வாங்கிக் கொடுத்த கயிற்றைக் காலடியில் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வார்த்தை புரியவில்லை. எல்லோரும் தலையாட்டியதால் அவரும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், ஆங்கில இலக்கியம் படிக்கும் மகள் ஆதிராவைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, ஃபீபிள்னா என்ன?”

“பலவீனம்ப்பா. ஒண்ணுக்கும் ஆகாததுன்னு வச்சுக்கோங்க.”

“யாரு, நானா?”

“லத்தீன்லேர்ந்து வந்ததாக்கும். ‘பாத்து அழத் தக்கது’ன்னு அர்த்தம். சூப்பர் அல்லே?”

“உயிரோட இருக்கிறவனைப் பாத்து அழணுமா? என்ன திமிரு அந்த ஆளுக்கு!”

“அழ வேண்டியவ நான். ஒரு வார்த்தை சொன்னேனா?” என்றாள் மனைவி பகவதியம்மாள், சமையலறையிலிருந்து.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்ரீகண்டன் வீட்டு வாசலில் போய் நின்றார் அழகியநம்பி.

“ஓய், நாலு பேரு முன்னால ஃபீபிள்னு எப்படிச் சொல்லலாம்? வாபஸ் வாங்கும்!”

“உள்ளதைத்தானே ஓய் சொன்னேன். தொட்டுப் பாத்தாலே தெரியறதே, நைஞ்சு...”

“நைஞ்சா! யாரைத் தொட்டுப் பாக்கணும்? மாத்தினா நான் சங்கத்துலயே இல்ல!”

தெருவே எட்டிப் பார்த்தது. ஸ்ரீகண்டன் பயந்துபோனார். “கத்தாதேயும். வாபஸ். மாத்தலை, போருமா?”

போதவில்லை. ஓணத்தன்று மைக்கில் சொல்ல வைத்தார். “ஃபீபிள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்” என்றார் ஸ்ரீகண்டன். எதற்கென்று தெரியாமலே கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலின் சூட்டிலேயே, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்கும் பொறுப்பையும் அழகியநம்பி கேட்டு வாங்கிக்கொண்டார்.

விசில் ஒலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். எதிரணி ஓரடி நகர்ந்தது.

“யாரு ஃபீபிள்? இப்பச் சொல்லும் ஓய்!” என்று கத்திக்கொண்டே இன்னொரு இழுப்பு.

கயிறு பட்டென்று அறுந்தது. முன்னால் நின்ற அத்தனை பேரும் அவர் மேல் வந்து விழுந்தார்கள்.

அந்தக் குவியலுக்குள்ளிருந்து பக்கத்து வீட்டுக் கைலாஷ் முனகினான்.

“அண்ணாச்சி, கயிறு ஃபீபிள்னு செக்ரட்டரி அன்னைக்கே சொன்னாரே! அதை எதுக்கு வாபஸ் வாங்க வச்சீங்க?”