வெளிநாட்டு அழைப்பு அட்டை விற்காததற்கு விளக்கம்

மருதமுனை

மதிப்புக்குரிய பிராந்திய முகாமையாளர் ஸஹீத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்களுக்கும் காரியாலயத்தில் உள்ள அனைவருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தந்திருப்பான் என்ற நம்பிக்கையோடு, பதினேழு வருடமாக உங்கள் கம்பனியின் முகவராயிருக்கும் நூஹு எழுதிக்கொள்வது.

வெளிநாட்டு அழைப்பு அட்டைகள் ஏன் விற்கவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தீர்கள். இலவசமாகக் கதைக்கும் செயலி ஊருக்குள் வந்துவிட்டது, அதுதான் விளக்கம். நானும் சும்மா இருக்கவில்லை. அந்தச் செயலியில் கதைத்தால் காது மந்தமாகும் என்று கடை வாசலில் எழுதி ஒட்டினேன், பிறகு எங்கள் தெருவில் இருக்கும் முஸ்பிறா ரீச்சரிடம், நீங்கள் கதைப்பதை ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் கேட்பார்கள் என்று இரகசியமாகச் சொன்னேன், அவர் அதை அந்தச் செயலியிலேயே குரலாகப் பதிந்து தெருக் குழுவுக்கு அனுப்ப, நான் கடையைப் பூட்டி வீடு போய்ச் சேர்வதற்குள் அது டோஹாவுக்குப் போய்த் திரும்பி என் மனைவி ஸாலிஹாவின் போனுக்கு வந்திருந்தது, அவள் எனக்கே போட்டுக் காட்டினாள்.

இனி என் தங்கை ஹாஜறாவின் விசயம். அவள் பிறவியிலேயே காது கேளாதவள், வாய் பேசாதவள். மாப்பிள்ளை மிஹ்லார் கட்டாருக்குப் போய் நாலு வருடம். வெள்ளிக்கிழமை தோறும் அவளை என் கடையில் போன் கதைக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்தி, நான் போனைப் பிடித்துக்கொள்வேன். அவள் கைகளால் பத்து நிமிடம் சொல்வாள், கண்ணைத் துடைப்பாள், என் தோளில் தட்டி மறுபடி சொல்வாள். புருசனுக்குப் பெண்சாதி சொல்வதைத் தமையன் வாயால் எப்படிச் சொல்வது? வெட்கத்தில் நான் "சுகமாம்" என்று மட்டும் சொல்வேன்.

போன மாதம் அவள் மகள் றிப்தி அந்தச் செயலியைப் போட்டு, போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தாள். மிஹ்லாரின் முகம் வந்தது. ஹாஜறா இரண்டு கையாலும் கதைக்கத் தொடங்கினாள், அவரும் கையாலேயே பதில் சொன்னார், தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது, இருவரும் நிறுத்தவில்லை. இடையில் அவள் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், நாலு வருசமா சுகமாம், சுகமாம் எண்டுதானே சொன்னீங்க. இவளுக்கிட்ட இவ்வளவு கதை இருந்திச்சா?"

ஓம் என்றேன். போனை மறுபடி அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஐயா, உங்கள் அட்டைகளைத் தோற்கடித்தது அதுதான். எனக்குக் கோபமில்லை, நன்றிதான் இருக்கிறது. அந்தச் செயலியைச் செய்தவர் யாரோ, அவருக்கும், அதைச் சுமந்து போகும் உங்கள் கம்பனியின் போன் கோபுரத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். கூண்டைக் கழற்றி அந்த இடத்தில் ஹாஜறாவுக்குத் தையல் மெசின் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்று முதல் முகவர் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துவிடவும்.

உங்கள் பிள்ளைகளின் படிப்பிலும் கம்பனியின் வியாபாரத்திலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
நூஹு

பி.கு: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கடை வாசலில் பன்னிரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். முகம் பார்த்துக் கதைத்துக் கதைத்து எல்லோருக்கும் மாதம் பாதியிலேயே டேட்டா முடிந்துவிட்டதாம். முன்னால் நிற்பவர் முஸ்பிறா ரீச்சர். மேலே விலகல் பற்றி எழுதியதைத் தயவுசெய்து வாசிக்காமல் விடவும். டேட்டா அட்டை இரண்டு கட்டு உடனே அனுப்பவும்.